இரண்டாம் பின்னிணைப்பு

லிட்கம், சிட்னி
9 நவம்பர் 2024

திரு. யேசுராசா அவர்களுக்கு,

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். அண்ணா என்று தொடங்கக் கை வரவில்லை. நான் அருள்நாயகி, உங்களுக்கு இருக்கும் ஒரே தங்கை.

உங்கள் பக்கம் ட்ருகனினாவில் இருக்கும் சுஜீவா மச்சாள் போன கிழமை எனக்கு ஒரு படம் அனுப்பினாள். இறந்தவர்களின் திருநாளுக்கு உங்கள் மெல்பேர்ண் தமிழ்ப் பூசையில் அச்சடித்துக் கொடுத்த சின்னப் புத்தகத்தின் ஒரு பக்கம். வழக்கம்போல ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்த பெயர்கள், பக்கத்தில் செத்த வருஷம். சுஜீவா கள்ளம் கபடம் தெரியாதவள். "மச்சாள், தம்பியின்ரை பெயரை வாசிக்கேக்கை நான் அழுதுபோட்டன்" என்று கீழே எழுதியிருந்தாள். யேசுராசா குடும்பம் என்பதற்குக் கீழே அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர். மூன்றாவது, அந்தோனி ஜனுஷன், 2009.

என் மகன் காணாமல் போனவன். செத்துவிட்டான் என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. ஒவ்வொரு நவம்பரும் எங்கள் கோயிலிலும் இப்படிப் பெயர் எழுதும் கடதாசியைத் தருவார்கள். அப்பா, அம்மா, என் கணவர் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியை வெறுமையாக விட்டுத்தான் பெட்டியில் போடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நானே எழுதினால் நானே அவனைப் புதைத்த மாதிரி.

நீங்கள் எப்படி எழுதினீர்கள்? உங்களுக்கு என்ன தெரியும்? எப்போதிருந்து தெரியும்?

போன் எடுக்க வேண்டாம். ரெலிபோனில் நீங்கள் வென்றுவிடுவீர்கள். முப்பது வருஷம் வெளிநாட்டு அமைச்சில் இருந்து பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவர். எழுதுங்கள்.

அருள்நாயகி


மல்கிரேவ், மெல்பேர்ண்
21 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மகள் தாரகா வந்து கதிரையில் இருத்தி, "யார் எழுதியது?" என்று கேட்டாள். சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

நீ குறிப்பிட்ட விடயம் பற்றி. அந்தப் புத்தகத்தில் இறந்தவர்களுக்காக மட்டுமன்றி, நிலை அறியப்படாதவர்களுக்காகவும் மன்றாடும்படி பெயர்கள் கொடுக்கப்படுவதுண்டு. அச்சிடும்போது இரண்டும் கலந்திருக்கலாம். தவறான புரிதலுக்கு இடமளித்தமைக்கு வருந்துகிறேன்.

எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது தடியோடு நடக்கிறேன். இங்கே முதியோர் சங்கத்தில் மாதம் ஒரு பேச்சு. அடுத்தது, ஐரோப்பாக் கண்டம் முழுவதும் எரிந்த போர்களுக்குப் பிறகு ராஜதந்திரிகள் எப்படி அரசியலைத் திரும்ப நிமிர்த்தினார்கள் என்பது. கேட்க இருபது பேர் வருவார்கள். பாதிப்பேர் தேத்தண்ணிக்காக.

நத்தார்ப் பண்டிகைக்கு உன் மகள் டில்ஷாவையும் கூட்டிக்கொண்டு வாவேன். அறை இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா


லிட்கம்
2 டிசம்பர் 2024

திரு. யேசுராசா அவர்களுக்கு,

புத்தகத்தைத் தட்டச்சு செய்யும் பெண்ணிடம் சுஜீவாவைக் கேட்கச் சொன்னேன். நீங்கள் மெல்பேர்ணுக்கு வந்த 2012ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உங்கள் கையாலேயே எழுதிய கடதாசி வருகிறதாம். நீல மை. செத்த வருஷமும் நீங்களே போட்டது. நிலை அறியப்படாதவர்களுக்கு வேறு பக்கம் இருக்கிறதாம். அதில் உங்கள் குடும்பத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.

"இடமளித்தமைக்கு வருந்துகிறேன்." இந்த வசனத்தை எத்தனை நாட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

நான் ஞாபகப்படுத்துகிறேன். 2009 மே மாதம். போரின் கடைசி நாட்கள். சுவாமியார் ஒருவரிடம் சற்றலைற் போன் இருந்தது. அதில் கொழும்புக்கு எடுத்து உங்களிடம் கேட்டேன். ஜனுஷனை இயக்கம் பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்திருந்தது, ஓடி வந்துவிட்டான், இப்போது இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியச் சொல்லி ஆமி ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறான், என்ன செய்ய என்று. நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது.

"பயப்பிடாதை. முழுப்பெயரும் தகப்பன்ரை பெயரும் சொல்லிப் பதியச் சொல்லு. கடதாசியிலை பதிஞ்ச பெயரை ஒருத்தராலும் இல்லையெண்டு சொல்லேலாது."

அவன் மாட்டேன் என்றான். "அம்மா, நான் உங்களோடையே சனத்துக்குள்ளை வாறன். என்னை ஆருக்குத் தெரியும்?" என்றான். நான்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். "மாமா சொல்லுறார், போ ராசா" என்றேன். பதிந்தவர்களை ஏற்றிப் போன பச்சை நிற பஸ். யன்னலோரம் இருந்தான்.

அவனுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் சொன்ன ஞானத்தகப்பன் நீங்கள். கொழும்பிலிருந்து மன்னாருக்கு அதற்காகவே வந்தீர்கள். "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று சுவாமி கேட்டதற்குக் கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள்.

இனிப் பொய் எழுதுவதாக இருந்தால் முத்திரையை வீணாக்க வேண்டாம்.

அருள்நாயகி


மல்கிரேவ்
19 ஜனவரி 2025

தங்கச்சி,

நத்தார் முழுக்க இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

அவன் உயிரோடு இல்லை. எனக்கு அது 2009 ஒக்டோபரிலிருந்து தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். போர் முடிந்து ஐந்து மாதம். ஐரோப்பாவில் ஓர் ஏரிக்கரை நகரத்து ஹோட்டலில் எங்கள் நாட்டுத் தரப்பும் உதவி கொடுக்கும் நாடுகளின் தரப்பும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதினோம். பதினேழு நாள். எங்கள் தரப்பில் இருந்த ஒரே தமிழன் நான். முகாம்களைத் திறப்பது, சனத்தை ஊருக்கு விடுவது, வீடு கட்டுவது, தேர்தல் வைப்பது எல்லாம் அதில் இருந்தன. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாத சொற்களை வரைவில் சதுர அடைப்புக்குள் போடுவது எங்கள் வழக்கம். கடைசி நாள் மிஞ்சியது ஒரே ஓர் அடைப்பு. இரண்டாம் பின்னிணைப்பு. சரணடைந்தவர்களைப் படையினர் பதிந்த பட்டியலின் பிரதி ஒன்று வெளிநாட்டுத் தரப்புக்கு எப்படியோ கிடைத்திருந்தது. நூற்றுப் பதினேழு பெயர். இவர்கள் எங்கே என்று அரசாங்கம் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. நாற்பத்தோராவது பெயர் ஜனுஷன்.

தேநீர் இடைவேளையில் எங்கள் தரப்பின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், அந்தப் பட்டியலில் காட்டுவதற்கு இப்போது ஒருவரும் இல்லை என்று எனக்குச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பின்னிணைப்பு எடுக்கப்பட்டது. எடுத்தால் வெளிநாட்டுத் தரப்பு தன் பிரதிகளையும் எங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். உடன்படிக்கை கையெழுத்தானது.

நீ என்னைச் சபிப்பாய். ஆனால் இதையும் யோசி. டிசம்பரில் முகாம் திறந்தது அந்த உடன்படிக்கையால்தான். நீயும் டில்ஷாவும் கம்பிக்கு வெளியே வந்தது அந்தக் கடதாசியின் நாலாம் பந்தியால்தான். இல்லாதவர்களுக்காக இருக்கிறவர்களை இன்னும் ஒரு மழைக்காலம் அந்தச் சேற்றில் விடச் சொல்கிறாயா?

என் பேச்சில் இதைத்தான் சொன்னேன். முப்பது வருஷப் போரை முடித்த 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, நடந்ததெல்லாவற்றுக்கும் இரு தரப்பிலும் என்றைக்குமான மறதி என்று விதிக்கிறது. நெப்போலியனுக்குப் பிறகு வியன்னாவில் கூடியவர்கள், தோற்ற பிரான்சுக்கும் மேசையில் ஒரு கதிரை போட்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா பல காலம் பெரும் போர் இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு புதைகுழியையும் தோண்டியிருந்தால் ஒரு கையெழுத்தும் விழுந்திராது. இது கல்நெஞ்சு இல்லை. என் தொழில்.

அவனுக்காக நான் செய்ய முடிந்தது அந்த நவம்பர்க் கடதாசி ஒன்றுதான்.

யேசுராசா


லிட்கம்
16 பெப்ரவரி 2025

யேசுராசா அவர்களுக்கு,

கடிதத்தை டில்ஷாதான் வாசித்தாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தோராவது பெயர் என்ற இடத்தில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நான் வந்து வாங்கி மிச்சத்தை வாசித்தேன்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன், உங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் போனேன்.

பதினைந்து வருஷம் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். படகில் வந்து இறங்கிய அன்று கேட்டார்கள், குடும்பத்தில் எத்தனை பேர் என்று. மூன்று என்றேன். இரண்டு பேர்தானே நிற்கிறீர்கள் என்றார்கள். பதினொரு வருஷம் தற்காலிக விசா. ஒவ்வொரு தரம் படிவம் நிரப்பும்போதும் அவன் பெயர், பிறந்த திகதி, இருக்குமிடம் தெரியாது. போன வருஷம் நிரந்தர விசா கிடைத்தபோது, அவன் வந்தால் கூப்பிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு முப்பத்துநாலு வயது, கலியாணம் கட்டியிருப்பானோ என்றுகூட நினைத்தேன். அப்போதெல்லாம் நீங்கள் மல்கிரேவில் இருந்து நீல மையால் 2009 என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒரு முத்திரை ஒட்டி எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் அழுது முடித்திருப்பேன்.

தோற்ற பிரான்சுக்குக் கதிரை போட்டார்களாம். எங்களுக்கு எங்கே போட்டார்கள்? நீங்கள் இருந்த கதிரையைச் சொல்கிறீர்களா?

நாலாம் பந்தியால் வெளியே வந்தேன் என்கிறீர்கள். என் பிள்ளையைக் கொடுத்து என்னை வாங்கினீர்கள் என்றால், வாங்க முதல் என்னைக் கேட்டிருக்க வேண்டும். நான் அந்தச் சேற்றிலேயே இருந்திருப்பேன்.

எனக்கு ஒன்று வேண்டும். இங்கே வைதேகி என்று ஒரு வழக்கறிஞர், காணாமல் போனவர்களின் குடும்பங்களிடம் சாட்சியம் எடுத்து ஒரு சர்வதேச விசாரணைக்கு அனுப்புகிறார். என் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, பதிவு இருந்ததெண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். இல்லாட்டி அவன் பஸ்ஸிலை ஏறினதுக்கே ஆதாரம் இல்லை" என்றார். அந்த ஆள் நீங்கள். பட்டியலைப் பார்த்தேன், பெயர் இருந்தது, இதுதான் நடந்தது என்று சத்தியக் கடதாசி முடித்துக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

அருள்நாயகி


மல்கிரேவ்
30 மார்ச் 2025

தங்கச்சி,

வரைவு ஒன்று இணைத்திருக்கிறேன். நான் அமைச்சில் இரகசியக் காப்புச் சத்தியம் செய்தவன். ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்து வருகிறது. தாரகாவின் மாமியார் வீடு கொழும்பில், அவர்களிடம் போய் விசாரிப்பார்கள் என்று அவள் பயப்படுகிறாள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னால் முடிந்தது இதுதான்.

"மேற்படி காலப்பகுதியில் சில பெயர்களைக் கொண்ட ஆவணமொன்று கலந்துரையாடல்களின் ஒரு கட்டத்தில் கவனத்துக்கு வந்திருக்கலாம் என்பதும், பின்னர் அது இறுதி உரையில் உள்ளடக்கப்படவில்லை என்பதும் அறியக் கிடைக்கின்றது."

நிதானமாக வாசி. இதில் பொய் ஒன்றும் இல்லை.

யேசுராசா


லிட்கம்
7 ஏப்ரல் 2025

உங்கள் வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். டில்ஷாவின் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். வரைவில் வெட்டுவது உங்களுக்குப் பழக்கம்தானே.

இதில் நீங்கள் இல்லை, ஜனுஷன் இல்லை, பட்டியலை எடுத்தவர்களும் இல்லை. நான் சமைக்கிற இல்லத்தில் பல்லில்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கொடுப்போம். எது இறைச்சி, எது கரட் என்று தெரியாது. அப்படி எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று விஷயம் எழுதுங்கள். பெயரைப் பார்த்தீர்களா? அந்த அதிகாரி உங்களுக்கு என்ன சொன்னார்? பட்டியலை எடுக்கச் சொன்னது யார்?

வைதேகி செப்டம்பர் கடைசியில் எல்லாவற்றையும் அனுப்புகிறார். அதற்குள் வராவிட்டால் ஜனுஷனின் ஆவணக் கோவை உங்கள் சாட்சி இல்லாமலே போகும். பிறகு நீங்கள் எழுத வேண்டாம்.

அருள்நாயகி


மல்கிரேவ்
24 ஓகஸ்ட் 2025

தங்கச்சி,

சத்தியக் கடதாசி வைதேகிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. அதன் பிரதி இத்துடன் இருக்கிறது. அதை வாசிக்க முதல் இந்தக் கடிதத்தை வாசி. நான் உனக்கு ஜனவரியில் எழுதியது நடந்த வரிசையில் இல்லை.

நீ கேட்ட மூன்றாவது கேள்வியை நான் நாலரை மாதம் மேசையில் வைத்திருந்தேன். "எடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன், நீ அதைப் பிடித்துவிட்டாய். எடுக்கச் சொன்னது நான்தான்.

அதோடு, அதிகாரி சொன்ன பிறகு இல்லை. அவர் சொல்வதற்கு முதல்.

பதினேழாம் நாள் காலை ஒன்பதரை. பத்து நாளாக அந்த ஓர் அடைப்பில் நின்றோம். தலைமை வகித்தவர், இன்றைக்கும் முடியாவிட்டால் கலைந்து போகலாம் என்றார். எல்லோருக்கும் விமானச் சீட்டு இருந்தது. என் தரப்பில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நெருக்கவும் இல்லை. நானே கையை உயர்த்தினேன். "இரண்டாம் பின்னிணைப்பை நீக்கினால் எங்களால் மற்றெல்லாவற்றையும் ஏற்க முடியும்" என்றேன். தமிழன் ஒருவனே சொன்னதால் எதிர்த்தரப்பால் மறுக்க முடியவில்லை. அவர்களில் ஒரு பெண், "உங்களுக்கு நிச்சயமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். என் பேனாவாலேயே குறுக்கே கோடு போட்டேன்.

அந்த நேரம் அவன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் நம்பியிருந்தேன். எங்கேயோ ஒரு தடுப்பில் இருக்கிறான், ஊருக்குத் திரும்பியதும் யாரையாவது பிடித்து ஒருவனை மட்டும் பின்கதவால் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பெயர் அமைச்சின் கோவையில் இருக்கும், தொலையாது என்று நினைத்தேன். உனக்குச் சொன்னதை நானே நம்பியிருந்தேன். மற்ற நூற்றுப் பதினாறு பேரைப் பற்றி நினைத்தேனா என்றால், இல்லை.

பதினொரு மணிக்குத் தேநீர். அந்த அதிகாரி வந்து என் தோளில் தட்டினார். "நல்ல வேலை செய்தீர்கள், யேசுராசா. அதைக் கேட்டிருந்தால் யாரைக் கொண்டுவந்து காட்டுவது? ஜூனிலேயே முடிந்துவிட்டது" என்றார். சிரித்தார். நானும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் எல்லோரும் கைதட்டக் கையெழுத்து வைத்தோம். படம் எடுத்தார்கள். படத்தில் நானும் சிரிக்கிறேன்.

அவன் செத்தது என்னால் இல்லை என்று இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலை அவன் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை. இரகசியச் சத்தியம், ஓய்வூதியம் எல்லாம் நான் தேடிக்கொண்ட சாட்டு.

நூலகத்தில் கிழமைக்கு ஒருநாள் ஒரு சமாதான நீதவான் இருந்து சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்திக் கொடுப்பார். வயதான கிரேக்கப் பெண். படிவத்தைப் பார்த்துவிட்டு, காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடம் காலியாக இருக்கிறது என்றார். நான் முன்னாள் அரச அதிகாரி என்று எழுதப்போய் நிறுத்தினேன். தாய்மாமன் என்று எழுதினேன். ஞானத்தகப்பன் என்று எழுதக் கை வரவில்லை.

தாரகா என்னோடு பேசுவதில்லை. சங்கத்துப் பேச்சுகளை நிறுத்திவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

யேசுராசா


லிட்கம்
12 ஒக்டோபர் 2025

அண்ணா,

இப்படித் தொடங்கியதற்குக் காரணம் மன்னிப்பு இல்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது, அதனால்.

கடதாசி கிடைத்தது. வைதேகி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அக்கா, இது காணும், வேறை ஒண்டும் தேவையில்லை" என்றார். கோவை போய்விட்டது. யாராவது வாசிப்பார்களா, வாசித்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. உங்களைப் போன்றவர்கள்தானே அங்கேயும் இருப்பார்கள்.

ஒன்பதரைக்கும் பதினொரு மணிக்கும் இடையில் உள்ள நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த ஒன்றரை மணித்தியாலம் என் பிள்ளை உங்கள் மனதில் உயிரோடு இருந்தான். உயிரோடு வைத்துக்கொண்டு வெட்டினீர்கள். நானும் அவனை உயிரோடு வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏற்றினேன். ஆனால் நான் உங்களை நம்பி ஏற்றினேன். நீங்கள் யாரை நம்பி வெட்டினீர்கள்?

கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது இருக்கும், நானும் இருப்பேன், இரண்டு பேரும் வேலைக்குப் போய் வருவோம்.

எங்கள் கோயிலில் நவம்பர்க் கடதாசி தந்துவிட்டார்கள். மேசையில் இருக்கிறது. அப்பா, அம்மா, கணவர். நாலாவது வரியில் டில்ஷா எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். அந்தோனி ஜனுஷன், 2009. எழுதிவிட்டேன். இரண்டு எழுத்து கோணல்.

உங்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். இந்த வருஷம் மெல்பேர்ண் பட்டியலில் அவன் பெயரைக் கொடுக்க வேண்டாம். பட்டியலில் இருந்து பெயர் எடுப்பது உங்களுக்குத் தெரிந்த வேலை.

நவம்பர் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிப் பூசை. பெயர்களைக் குடும்பத்தில் ஒருவர் எழும்பி நின்று வாசிக்க வேண்டும். நான் வாசிப்பேன். நீங்கள் வர வேண்டாம்.

அருள்நாயகி